மாவோடு நின்ற கிரைண்டர்

லாகோஸின் இகேஜா பகுதிக்குக் குடிபோன மூன்றாவது வாரம், கோவையிலிருந்து சுமந்து போன கிரைண்டர் பாதி மாவில் நின்றது. கல் சுற்றவில்லை, ‘ம்ம்ம்’ என்று முனகல் மட்டும். நானோ கல்லைக் கையால் தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார்னிஷ் கருகும் வாடை வந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். காயில் போயிருந்தது.

நைஜீரியாவிலும் நம்மூர் மாதிரி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மாற்றினால் போதும் என்றிருந்தேன். எலக்ட்ரீஷியன் வந்து மீட்டரை வைத்துக் காட்டினார்: 150. வோல்டேஜ் அவ்வளவு இறங்கினால் மோட்டாரின் சுற்றும் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். சுற்ற முடியாத மோட்டார் கரண்டை மட்டும் பல மடங்கு இழுத்துத் தன்னையே சுட்டுக்கொள்ளும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசருக்கும் இதே கதிதான். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டிக்கு இந்தப் பயம் இல்லை. சூடாக நேரமாகும், அவ்வளவே. செல்போன் சார்ஜரிலோ 100–240 என்றே அச்சடித்திருக்கும். அதற்குப் போய் ஸ்டெபிலைசர் வாங்குவது தண்டச் செலவு.

மறுநாளே ஸ்டெபிலைசர் வந்தது. உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர், ‘டக் டக்’ என்று மாறும் ரிலேக்கள். 150-ஐ 220 ஆக்கித் தரும். ஆனால் தெருக் கம்பியிலிருந்து அதற்கேற்பக் கூடுதல் கரண்டை உறிஞ்சித்தான். தெருவே ஸ்டெபிலைசர் வைத்தால் வோல்டேஜ் இன்னும் சரியும். காம்பவுண்டில் ஃபேஸ் மாற்றும் வைத்தியமும் உண்டு. நல்ல ஃபேஸுக்கு எல்லோரும் தாவ, சாயங்காலத்துக்குள் அதுவும் படுத்துவிடும்.

எனக்குப் பெரிய பயம் ஹை வோல்டேஜ்தான். தெருவில் நியூட்ரல் அறுந்தால், வேறு வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் 400 வோல்ட்டுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். குறைவாகக் கரண்ட் எடுக்கிற வீட்டில்தான் வோல்டேஜ் எகிறும். சிக்கனத்துக்குக் கிடைக்கும் பரிசு! சர்ஜ் புரொடெக்டர் மின்னல் போலக் கண நேரம் துள்ளுவதைத்தான் தாங்கும். நிமிடக் கணக்கில் 350 நின்றால் அதுவே கருகும். அங்கே கைகொடுப்பது வோல்டேஜ் கார்டு. அது எதையும் சரிசெய்யாது. அளவு தப்பினால் துண்டிக்கும், சில நிமிடம் பொறுத்துத்தான் திரும்ப இணைக்கும். அந்தப் பொறுமைதான் ஃபிரிட்ஜுக்கு உயிர். நின்ற கம்ப்ரசரின் குழாய்களில் அழுத்தம் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும்.

கரண்ட் திரும்பினால் தெருவே ‘அப் நேப்பா!’ என்று கத்தும். நேப்பா என்ற மின் வாரியத்தின் பெயர் 2005-லேயே மாறிவிட்டது. கத்துகிற பிள்ளைகளுக்கு அதைப் பற்றி என்ன! நானும் சேர்ந்து கத்துவேன். ஆனால் வீட்டை ஜெனரேட்டரிலிருந்து தெருக் கரண்டுக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை உடனே திருப்ப மாட்டேன். எதிர்வீட்டு வாசலில் ஒரு குண்டு பல்பு இருந்தது. அது மங்காமலும், பளீரென்று வெளுக்காமலும் பத்து நிமிடம் எரிந்த பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகும்.