சீமாட்டிகள் அணிந்த பொன்வண்டு

தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் முதியோரைக் கேட்டுப் பாருங்கள். இளமையில் ஊரில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்க்காதவர் அரியர். கொடுக்காப்புளி இலையைத் தின்னக் கொடுத்து, அது முட்டையிடும் நாளுக்குக் காத்திருந்த கதையை ஆவலோடு சொல்வர். அவ்வெளிய வண்டின் இறகு ஒரு காலத்தில் ஆங்கிலச் சீமாட்டிகளை அலங்கரித்ததென்பதை நம்மில் பலர் அறியோம்.

விக்டோரியா மகாராணி ஆண்ட காலம் 1837 முதல் 1901 வரை. அக்காலத்தில் இயற்கை ஆராய்ச்சி இங்கிலாந்து மக்களை மிகவும் கவர்ந்தது. நகையிலும் அதன் சாயல் படிந்தது. வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் தேனீயும் மணிகள் பதித்த அணிகலன்களாயின. உருவம் வடித்தது போதாதென்று மெய்யான வண்டுகளையே பொன்னில் பதித்தனர். கிரான்வில் பிரபுவின் மனைவியாருக்கு 1884–85இல் தென்னமெரிக்கப் பச்சை வண்டுகளைக் கொண்டு செய்த நகைத் தொகுதி, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நம் பொன்வண்டோ பெரும்பாலும் ஆடையில் ஏறியது. சென்னை முதலிய இடங்களில் அதன் கடினமான மேலிறகைத் துளையிட்டு, மஸ்லின் துணியில் பொன்னிழையோடு தைத்தனர். எல்லன் டெர்ரி என்னும் நடிகை 1888இல் 'மாக்பெத்' நாடகத்தில் அணிந்த உடையில் ஏறத்தாழ 1,000 வண்டிறகுகள் இருந்தன. 1903இல் தில்லி தர்பாரில் கர்ஸான் பிரபுவின் மனைவியார் அணிந்த மயிற்பீலி உடையில், பீலிக் கண்தோறும் வண்டிறகு மின்னியது. அதற்குப் பூவேலை செய்தவர் இந்தியக் கலைஞரே.

நூறாண்டு கடந்தும் அவ்வொளி மங்காதது ஏன்? அந்நிறம் சாயமன்று. இறகில் அடுக்கடுக்காக அமைந்த மிக மெல்லிய ஏடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுவது. ஆதலின் துணி இற்றாலும் இறகு மின்னும்.

மாட்டுங்காவில் வண்ணத்துப்பூச்சித் தோடு வாங்கும் நம் சிறுமியர் பலர் பொன்வண்டைக் கண்டதில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்கின்றனர். வண்டு வெளிப்படுவதோ மழைக்குப் பின். இயலுமாயின் ஒரு முறையேனும் தீபாவளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பிடித்து அடைக்க வேண்டா. இலைமேல் காட்டினால் போதும். அதன் புழு மர வேரை அண்டி மண்ணுள் வளர்வது. வேலியோர மரத்தை வெட்டினால் வண்டும் மறையும். ஊரிலுள்ள உறவினர்க்கு இதனையும் எடுத்துச் சொல்லுங்கள். சீமாட்டியின் உடை கண்ணாடிப் பேழையில் காக்கப்படுகிறது. உயிருள்ள அணியைக் காப்பது நம் கடனன்றோ?