மருத்துவ இடம் ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது

பிளஸ் டூ முடித்த மாணவர் மருத்துவக் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று பெற்றோர் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் மே மாதத்தில்தான். அரசுப் பள்ளி மாணவரைப் பொறுத்தவரை, அதற்கான விடையில் பாதி ஏழு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே இக்கட்டுரை தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் உரியது.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு

நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய ஆண்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் 6 பேர் மட்டுமே. சட்டம் வந்த ஆண்டிலேயே அந்த எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

யாருக்குப் பொருந்தும்?

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் பயின்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் தகுதி உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த ஆண்டுகள் கணக்கில் சேரா.

எங்கள் வேதாரண்யம் பகுதியில் இதுதான் சிக்கல். உப்பளத்திலும் கடலிலும் உழைக்கும் பெற்றோர், உதவி பெறும் பள்ளியையும் அரசுப் பள்ளி என்றே கருதுகின்றனர். கட்டணம் இல்லை, சீருடையும் புத்தகமும் கிடைக்கின்றன. வேறுபாடு அவர்களுக்கு எப்படித் தெரியும்? வேலை தேடிப் பெற்றோர் வெளியூர் போனதால், ஏழாம் வகுப்பை மட்டும் உறவினர் ஊரில் உதவி பெறும் பள்ளியில் படித்த மாணவி ஒருத்தியை நான் அறிவேன். அந்த ஓராண்டால் அவள் இந்த ஒதுக்கீட்டை இழந்தாள். உதவி பெறும் பள்ளிகளின் தரத்தை நான் குறை சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கும் முன் விளைவைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்பதே கருத்து. ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் வழங்கும் நாளே அதைச் சொல்லத் தக்க நாள்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

1. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன், பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஆகியவை ஆதாருடன் ஒத்துள்ளனவா என்று சரிபார்க்கவும்.

2. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் உள்ள பிரிவில் சேர்ந்தால்தான் நீட் எழுதும் வழி எளிது. தேர்வின் 180 வினாக்களில் 90 உயிரியலிலிருந்து வருகின்றன. வினாத்தாள் தமிழிலும் உண்டு.

3. ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த சான்றை ஒவ்வொரு பள்ளியிலும் பெற வேண்டும். பள்ளி மாறியவர்கள் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. 2018 கஜா புயலில் வீட்டோடு சான்றிதழ்களையும் இழந்த ஊர் எங்களுடையது. நகல்களை வேறிடத்திலும் பாதுகாக்கச் சொல்லுங்கள்.

4. நீட் எழுதினால் மட்டும் போதாது. மாநிலத் தேர்வுக் குழுவுக்குத் தனியாக இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும்.

5. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. 2020இல் இந்த அறிவிப்பு வருமுன் கலந்தாய்வுக்குச் சென்ற சிலர், கட்டணத்துக்கு அஞ்சி இடத்தை விட்டுவிட்டனர்.

நம் மாவட்டத்திலேயே ஒரத்தூரில் 150 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவ இடம் கிடைக்காதவர்களும் சோர வேண்டியதில்லை. பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றிலும் 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு உள்ளது.

இவ்வாண்டு ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்காக ஒதுக்குவோம்.