23 சொல்லும் செங்கோட்டைப் பிள்ளையின் புகழ்

ஒன்று முதல் பதினான்கு வரையுள்ள எண்களை வரிசையாகப் பெருக்கி, விடையோடு ஒன்றைக் கூட்டினால் வருவது 8,717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 201. இரண்டு முதல் பதினான்கு வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி ஒன்று நிற்கும். ஆனால் 23-ஆல் வகுத்தால் மீதியே இராது. ஸ்ரீவராகத்துப் பள்ளிப் பிள்ளைகளும் காகிதமும் பென்சிலும் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். ஈவு 379 கோடியே 3 லட்சத்து 60 ஆயிரத்து 487.

இதில் என்ன அதிசயம்? மூன்று வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 7. ஏழில் ஒன்று போக 6, அது மூன்றின் மடங்கு. ஐந்து வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 121. அதை வகுக்கும் பகா எண் 11. அதில் ஒன்று போக 10, அது ஐந்தின் மடங்கு. இந்த ஒழுங்கு என்றும் நிலைக்குமா? நிலைக்காது. 23-ல் ஒன்று போக 22. அது 14-ன் மடங்கல்ல. இப்படி ஒழுங்கை மீறும் பகா எண்களில் மிகச் சிறியது 23. இவற்றுக்குக் கணித உலகம் வழங்கும் பெயர் 'பிள்ளை பகா எண்கள்'.

யார் இந்தப் பிள்ளை?

எஸ்.எஸ். பிள்ளை என்ற சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5-ல் செங்கோட்டையை அடுத்த வல்லத்தில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சீமை. தாயைக் குழந்தைப் பருவத்திலும், தந்தையைப் பள்ளிப் படிப்பு முடியுமுன்னும் இழந்தார். ஆசிரியர் ஒருவரின் பொருளுதவியால் படிப்பு தொடர்ந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் பின், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பயின்றார். இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரிதான் அது. ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டை வழியாகச் சில கிலோமீட்டர் தூரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை பணியாற்றிய பின், ஓராண்டு திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்தார்.

எழுபத்து மூன்று

எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டாக எழுத எத்தனை எண்கள் போதும்? 73 போதும் என்று 1940-ல் நிரூபித்தவர் இவரே. அதற்குக் குறைந்தால் போதாது. 703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அதைவிடப் பெரியது. ஆகவே பத்து 64-களும் அறுபத்து மூன்று 1-களும் வேண்டும், மொத்தம் 73.

முடியாத பயணம்

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையம் ஓராண்டு தங்கி ஆராய அவரை அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். 1950 ஆகஸ்ட் 31-ல் எகிப்தில் கெய்ரோ அருகே விமானம் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு வயது 49.

அவர் விட்டுச்சென்ற கேள்வி ஒன்று இன்னும் தீரவில்லை. 25 ஐந்தின் வர்க்கம், 27 மூன்றின் கனம், வித்தியாசம் 2. இப்படி ஒரே வித்தியாசத்தில் அமையும் அடுக்கு எண் ஜோடிகள் எண்ணி முடியக்கூடியவையே என்றார் பிள்ளை. வித்தியாசம் 1 என்றால் 8, 9 என்ற ஒரே ஜோடிதான் என்று 2002-ல் ருமேனியரான மிஹைலெஸ்கு நிரூபித்தார். வித்தியாசம் 2-க்குக்கூட இன்றுவரை நிரூபணம் இல்லை. நம் பிள்ளைகளில் ஒருவர் அதைத் தீர்த்துவைத்தால், அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் அவருக்கு வேறில்லை.