போரின்றி வெல்லும் வாட்கலை

போர்க்கலை என்றதும் எம்மிற் பலருக்கும் திரைப்படங்களிற் காணும் பாய்ச்சலும் உதையுமே நினைவுக்கு வருகின்றன. யப்பானில் 500 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துவரும் வாட்பள்ளி ஒன்றின் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. அதன் பெயர் கத்தோரி ஷிந்தோ-ரியூ. 'ரியூ' என்ற சொல்லுக்கு நீரோட்டம் என்பது பொருள். ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு இடையறாது பாய்ந்துவரும் வழிமரபை யப்பானியர் அச்சொல்லாற் குறிப்பர்.

இப்பள்ளியின் முதலாசிரியர் ஈசசா சோய்சாய் இயெனாவோ. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் சிபா குலத்தாருக்குப் பணிபுரிந்த போர்வீரர். உட்பகை முற்றியதால் 1455இல் அக்குலத்தின் தலைமைக்குடி வீழ்ந்தது. தாம் பணிபுரிந்த குடி அழியக் கண்ட அவர், கத்தோரிக் கோயிலை அண்டி, 1000 நாட்கள் நோன்பும் பயிற்சியும் மேற்கொண்டார் என்பது பள்ளியின் மரபு. அக்கோயிலில் உறையும் புத்சுனுஷி வாளுக்கும் வீரத்துக்கும் உரிய தெய்வம்.

போர்த்தெய்வத்தின் திருமுன் பிறந்த இப்பள்ளியின் தலையாய போதனை அமைதியைப் பற்றியதாகும். போர்க்கலையைக் குறிக்கும் 'ஹெய்ஹோ' என்ற சொல்லை வேறோர் எழுத்தால் எழுதினால் 'அமைதிக்கலை' என்ற பொருள் கிடைக்கும், ஒலி மாறுவதில்லை. போர்க்கலை அமைதிக்கலையே என்பது இங்கு முதற்பாடம்.

இதனை விளக்கும் கதையொன்று வழங்குகிறது. போட்டிக்கு அறைகூவி வருவோரிடம் சோய்சாய் வாள் உருவுவதில்லை. மெல்லிய குட்டைமூங்கிற் புதர்மேல், தண்டு வளையாதபடி அமர்ந்து காட்டி, "நீரும் இவ்வாறு அமரலாமே" என்பாராம். வந்தவர் தம் குறையை உணர்ந்து திரும்பிவிடுவார். உண்மை நிகழ்வோ கற்பனையோ, கதையின் கருத்துத் தெளிவானது: குருதி சிந்திப் பெறும் வெற்றியிலும் சிந்தாது பெறும் வெற்றியே மேலானது.

இதனாற் பயிற்சி மென்மையானது என எண்ணிவிடலாகாது. வாள், தடி, ஈட்டி முதலியவற்றோடு கோட்டை அமைக்கும் கலையும் இப்பாடத்திட்டத்தில் அடங்கும். கவசம் மறைக்காத கழுத்து, அக்குள், மணிக்கட்டின் உட்புறம் ஆகியவற்றைக் குறிவைக்கும் வீச்சுகளை மரவாள் ஏந்திய இருவர் நெடுநேரம் பயில்வர். கற்கப் புகுவோர் தம் விரற் குருதியால் ஒப்பமிட்டு உறுதிமொழி அளிப்பது பழைய வழக்கம். பாடங்களை உறவினருக்கும் வெளியிடேன், தேர்ச்சி பெறுமுன் பிற பள்ளியாரோடு மோதேன், சூதாடேன் என்பன அதன் கூறுகள். கொல்லும் வலிமையைக் கற்பிக்குமுன் அதனைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கத்தை விதித்தனர்.

1876இல் யப்பானிய அரசு பொதுவிடங்களில் வாள் அணிவதைத் தடைசெய்தது. வாளுக்கு வேலையற்றுப் போன பின்னும் பள்ளி மறையவில்லை. ஈசசா குடும்பத்தின் தலைமை 20 தலைமுறைகளாகத் தொடர்ந்தது; குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த ஆசிரியர்களும் பாடங்களைக் காத்தளித்தனர். அவர்களுள் ஒருவரான ஓத்தாக்கே ரிசுக்கே 1942இல் பயிலத் தொடங்கி, 2021இல் மறையும்வரை இம்மரபைப் பேணினார். 1960இல் சிபா மாகாணம் இக்கலையைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. டொன் டிறேகர் என்ற அமெரிக்கர் இப்பள்ளியில் இணைந்ததோடு பிறநாட்டாருக்கும் வழி திறந்தது.

எம் பிள்ளைகளைக் கராத்தே, யூடோ வகுப்புகளுக்கு அனுப்பும் பெற்றோர், எத்தனை நாளிற் கறுப்புப் பட்டி கிடைக்கும் என்று கேட்பதைக் கேட்கிறோம். எப்போது கை ஓங்கலாகாது என்பதை இங்கு கற்பிப்பீர்களா என்று ஆசிரியரிடம் முதலிற் கேட்பது நன்று. கத்தோரியில் அதுவே முதற்பாடம்.