உஷார்! சிகிச்சையில் இருக்கிறீர்களா? தலைவலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள்!

டயாலிசிஸ் செய்துகொள்கிறவரா? இதய வால்வு மாற்றியவரா? காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவரா? தலைவலி தாங்காமல், மெடிக்கல் ஷாப்பில் ‘ஏதாவது ஒரு மாத்திரை கொடுங்க’ என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் தலைவலி வேறு, ஊரார் தலைவலி வேறு.

டயாலிசிஸ் நடக்கும்போதே பலருக்கு மண்டையைப் பிளக்கும். ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதும், உடம்பிலிருந்து நீரை வேகமாக எடுப்பதும் காரணமாக இருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காமல் உடனே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். எடுக்கும் வேகத்தை மாற்ற முடியும். நீங்களாக டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போட்டால் ரத்த அழுத்தம் ஏறலாம். கொஞ்சநஞ்சம் வேலை செய்யும் சிறுநீரகமும் கெடலாம்.

இதய வால்வு மாற்றியபின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. இதே வலி மாத்திரைகளாலும் ஆஸ்பிரினாலும் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம். பாராசிட்டமாலைக்கூடத் தினமும் போட்டால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) ஏறலாம். தலையில் லேசாக அடிபட்டு, சில நாள் கழித்து வலி வந்தாலும் மூளையில் ரத்தக்கசிவா என்று பார்த்தே ஆகவேண்டும்.

காசநோய் மருந்துகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். அதன் மேல் பாராசிட்டமாலை அளவில்லாமல் போடுவது விபரீதம். காய்ச்சல், வாந்தியோடு தலைவலி நீடித்தால் மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம்.

இன்னொரு பொறி: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போடுவது மூன்று மாதத்தைத் தாண்டினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். கலவை மாத்திரை என்றால் 10 நாளே போதும்.

அதற்காக வலியைச் சகிக்க வேண்டியதில்லை. எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, ரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ‘எனக்குத் தலை வலித்தால் எந்த மாத்திரை, எவ்வளவு போடலாம்?’ என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் போன்ற மாத்திரையாலும் தலை வலிக்கும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இடி விழுந்ததுபோல் திடீரென வலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், வலிப்பு, கழுத்து விறைப்பு, மயக்கம்: இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சாப்பிடும் மருந்துகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.