தீவிலிருந்து டெல்லி வெலோட்ரோம் வரை: அந்தமான் சைக்கிள் வீரர்கள் எப்படி மேலே வருகிறார்கள்?

கார் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018 ஆகஸ்ட்டில் ஸ்விட்சர்லாந்தின் எய்கிள் நகரில் நடந்த உலக ஜூனியர் டிராக் சைக்கிள் போட்டியில், மோட்டார் வண்டியின் பின்னால் வேகமெடுத்து, அது விலகியதும் முந்திப் பாயும் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். தங்கம் வென்ற செக் வீரருக்கும் அவருக்கும் இடைவெளி 0.017 விநாடி. அந்த வேகத்தில் அது ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான தூரம். உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுதான். மறு ஆண்டே ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஆன் டெர் ஓடர் நகரில், மணிப்பூரின் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோருடன் சேர்ந்து அணி ஸ்பிரின்ட்டில் தங்கமும் வென்றார்.

2011 கணக்கெடுப்பின்படி கார் நிக்கோபாரின் மக்கள்தொகை 18,000-ஐக்கூடத் தொடவில்லை. அந்தமான் நிக்கோபார் முழுவதையும் சேர்த்தாலும் 3.81 லட்சம் பேர்தான். இவ்வளவு சிறிய இடத்திலிருந்து தேசிய சைக்கிள் அணிக்கு அடுத்தடுத்து ஆட்கள் வருவது எப்படி? வந்தவர்கள் அதன்பிறகு என்ன ஆகிறார்கள்? இரண்டாவது கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

பேஸ்பால் ரசிகர் கேட்கும் கேள்வி

அமெரிக்க பேஸ்பால் ரசிகருக்கு அந்தக் கேள்விதான் தினசரிப் பொழுதுபோக்கு. அங்கே 1965 முதல் ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ நடக்கிறது. பள்ளி, கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்வரிசை வாய்ப்பு. இப்போது 20 சுற்றுகள். தேர்வானவர் பெரும்பாலும் நேராகப் பெரிய மைதானத்துக்குப் போய்விட முடியாது. புதுமுகங்களுக்கான லீக்கில் தொடங்கி சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். 30 பெரிய அணிகளுக்கும் மேல் நான்கு படிகளில் தலா ஓர் அணி என்ற கணக்கில், இத்தகைய அணிகள் 120. பெரும்பாலானோர் நடுவழியிலேயே நின்றுவிடுவார்கள். யார் எந்தப் படியில் இருக்கிறார், யாருக்குக் காயம், யார் இந்த ஆண்டு மேலே வருவார் என்பதெல்லாம் ரசிகர்களுக்கு அத்துப்படி.

முன்பு சுற்றுகள் இதைவிட அதிகம். அவ்வளவு நீண்ட பட்டியல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. 1988-இல் மைக் பியாஸ்ஸா என்ற இளைஞரை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 62-ஆவது சுற்றில் எடுத்தது. அவருக்கு முன்பே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேர்வாகிவிட்டிருந்தனர். அவரோ 2016-இல் பேஸ்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ வரிசையில் இடம்பெற்றார். 20 சுற்றோடு நிறுத்தியிருந்தால் அவர் பெயர் வந்திருக்காது.

அந்த ஏணியில் கால்வைத்த இந்தியர்களும் உண்டு. 2008-இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பந்தெறியும் போட்டியில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தமானார்கள். வெளிநாட்டவர் என்பதால் டிராஃப்ட்டுக்குள் வராமல் நேரடி ஒப்பந்தம். ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சில பருவங்கள் கீழ்ப்படிகளில் ஆடினார். மேஜர் லீக்கை எட்டவில்லை. வலுவான கை இருந்தது. சிறு வயதிலிருந்து அந்த ஆட்டத்தில் ஊறிய ஆண்டுகள் இல்லை.

தீவில் முதல் படி

அந்தமானில் டிராஃப்ட் கிடையாது. ஆனால் ஏணி உண்டு. முதல் படி தீவிலேயே இருக்கிறது: பள்ளிப் போட்டிகள், மாநில அளவிலான தேர்வு, போர்ட் பிளேரில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறினாலும் பலருக்கு அது இன்னமும் போர்ட் பிளேர்தான். கார் நிக்கோபார் அங்கிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தெற்கே கடலில் இருக்கிறது. எனவே முதல் படிக்கே ஒரு பிள்ளை வீட்டைவிட்டு, கப்பலேறி, விடுதிக்கு வந்தாக வேண்டும்.

சைக்கிளில் இந்தத் தீவுகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. தேசியப் போட்டிகளுக்கு அந்தமான் நிக்கோபார் தன் பெயரிலேயே தனி அணி அனுப்புகிறது. இருக்கும் சில ஆயிரம் பிள்ளைகளில் வேகமானவருக்குத் தேசியத் தேர்வாளர்களின் கண்ணில் படும் வாய்ப்பு உறுதி. கிரிக்கெட்டில் அது இல்லை. ரஞ்சிக் கோப்பையில் அந்தமான் அணி கிடையாது. கிரிக்கெட்டில் முன்னேற நினைக்கும் தீவுப் பையன் ‘மெயின்லேண்ட்’ போய், வேறொரு மாநிலத்தின் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது படி டெல்லியில். 2010 காமன்வெல்த் போட்டிக்காக இந்திரா காந்தி உள்விளையாட்டரங்க வளாகத்தில் கட்டப்பட்ட வெலோட்ரோம் அது. 250 மீட்டர் சுற்றளவுள்ள மரத்தடம். தேசிய சைக்கிள் அகாடமியின் பயிற்சி அங்கேதான். டிராக் சைக்கிளுக்கு பிரேக் இல்லை, கியர் ஒன்றே. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். காலை நிறுத்திக்கொண்டு உருண்டுபோக முடியாது. வளைவுகளில் தடம் சுவர்போல் சாய்ந்து நிற்கும். வேகம் குறைந்தால் வழுக்கும். தெருவில் எவ்வளவு வேகமாக ஓட்டியவரும் இங்கே புதிதாகக் கற்றாக வேண்டும்.

கால்பந்து ஆடிய பையன்

டேவிட் பெக்காம் என்ற தீவு வீரரின் கதை இந்த ஏணி வேலை செய்யும் விதத்தைக் காட்டும். கார் நிக்கோபாரில் பிறந்தவர், கால்பந்து ஆடி வளர்ந்தவர். பெயரும் கால்பந்து ஆசையில் வைத்ததே. பிறகு சைக்கிளுக்கு மாறி, 2020 ஜனவரியில் குவாஹாட்டியில் நடந்த, மத்திய அரசின் கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் தங்கம் வென்றார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கான இந்திய அணியில் அவரும் இருந்தார், ஈசோவும் இருந்தார், ரொனால்டோவும் இருந்தார்.

ஆட்டம் மாறி வருவது ஸ்பிரின்ட் பந்தயத்தில் வியப்பல்ல. நின்ற நிலையிலிருந்து சில விநாடிகளில் முழு வலுவையும் கொட்டும் தொடையும் இடுப்பும்தான் இதற்கு மூலதனம். அது கால்பந்து ஆடுபவரிடமும் இருக்கலாம், துடுப்புப் போடுபவரிடமும் இருக்கலாம். பதின்வயதின் நடுவில் கண்டுபிடித்தால்கூடப் பழக்கிவிடலாம். கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, 8 ஆண்டுகள் உதவி என்பது 2018-இல் வகுத்த ஏற்பாடு. அதில் கைச்செலவுக்கு மட்டும் 1.20 லட்சம்.

சுனாமி மட்டுமே கதையல்ல

கார் நிக்கோபார் வீரர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் 2004 டிசம்பர் 26 முன்னால் வந்து நின்றுவிடும். சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்ட் அப்போது 9 வயதுச் சிறுமி. மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் உயிர் தப்பியவர். அந்தத் துயரம் பெரிது. ஆனால் 500 மீட்டர் டைம் ட்ரயலில் 2015-இல் உலகத் தரவரிசையின் 4-ஆம் இடம்வரை அவரைக் கொண்டுபோனது பல ஆண்டுப் பயிற்சி. அவர் பெற்ற இடம்தான், பின்னால் வந்த பிள்ளைகளுக்கு டெல்லிக் கதவைத் திறந்துவைத்தது. அதிசயப் பிறவிகள் என்று எழுதி முடித்துவிட்டால், அடுத்த பிள்ளைக்குத் தேவையான விடுதியும் பயிற்சியாளரும் சைக்கிளும் பேச்சிலிருந்தே காணாமல் போய்விடும்.

ஜூனியருக்குப் பிறகு

ஜூனியர் என்றால் 17, 18 வயது. 19 ஆனதும் முப்பது வயது வீரர்களோடு மோத வேண்டும். இங்கேதான் இடைவெளி தெரிகிறது. 200 மீட்டர் ஓட்டத்தை ஜூனியர்கள் 10 விநாடியை ஒட்டி முடிப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லவ்ரெய்சன் அதை 9.088 விநாடியில் முடித்தார். மணிக்கு 79 கிலோமீட்டர் வேகம். அந்த ஒரு விநாடியைக் குறைக்கப் பல ஆண்டு எடைப் பயிற்சியும் வெளிநாட்டுப் பந்தயங்களும் வேண்டும். 2019-இல் ஜெர்மனியில் வென்ற நம் பிள்ளைகள் சீனியர் ஆகும் நேரம் பார்த்து கோவிட் வந்து, பந்தயங்களும் பயணங்களும் முடங்கின.

எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதற்கு மலேசியாவின் அஸிசுல்ஹஸ்னி அவாங் நல்ல அளவுகோல். உயரம் குறைந்தவர், கடலோர டுங்குனில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயின்றவர். முதல் ஒலிம்பிக் 2008. பதக்கம் கிடைத்தது 2016 ரியோவில், கெய்ரினில் வெண்கலம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி. இடையில் இருந்த 8 ஆண்டுகளும் அவருடைய நாடு கைவிடவில்லை.

இனி எதைப் பார்க்கலாம்?

இந்தியாவிலிருந்து சைக்கிள் வீரர் ஒலிம்பிக் சென்றது கடைசியாக 1964-இல். பாரிஸில் அணி ஸ்பிரின்ட்டுக்கு 8 நாடுகளுக்கே இடம். ஆண்டுக்கணக்கில் உலகப் போட்டிகளில் சேர்க்கும் புள்ளிகள்தான் அந்த இடத்தைத் தரும். பேஸ்பால் மீண்டும் சேரும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கை நினைத்துத் தீவு வீரர்களைக் கவனிக்க விரும்புபவர் மூன்றைப் பார்த்தால் போதும்: ஆசிய டிராக் சாம்பியன்ஷிப்பில் அணி ஸ்பிரின்ட் எந்த இடம், 200 மீட்டர் நேரம் ஆண்டுக்காண்டு குறைகிறதா, கேலோ இந்தியா முடிவுகளில் அந்தமான் பெயர்கள் புதிதாக வருகின்றனவா.

மூன்றாவதை நாம் சட்டை செய்வதில்லை. அதற்குத்தான் எடை அதிகம். ஈசோவும் பெக்காமும் வளர்ந்துவிட்டார்கள். இன்று 13 வயதில் கார் நிக்கோபாரின் சமதளச் சாலையில் மிதிக்கும் பிள்ளையைப் பார்க்க ஒரு தேர்வாளர் கப்பலேறிப் போகிறாரா என்பதில்தான், 2032 ஒலிம்பிக்கில் வரப்போகும் பெயர் இருக்கிறது.