தொடர்மாடி வீடு: உறுதியும் உறவும்

இலங்கையின் தேசாதிபதியாக 1890ஆம் ஆண்டு முதல் 1895ஆம் ஆண்டு வரை இருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கி நிற்கும் ஹெவ்லொக் டவுன், ஒரு காலத்தில் விசாலமான வளவுகளும் தனி வீடுகளும் நிறைந்த பகுதியாக விளங்கியது. இன்று அந்த வளவுகளில் பல தொடர்மாடிகளாக மாறிவிட்டன. வெள்ளவத்தை நெசவாலை இயங்கிய பரந்த காணியிலேயே ஹெவ்லொக் சிட்டி குடியிருப்பின் கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே மாற்றத்தைக் காண்கின்றோம். காணியின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்ட தலைநகரில், நடுத்தரக் குடும்பமொன்று சொந்த வீடு என்று கனவு காணுமாயின், அது பெரும்பாலும் ஏதேனும் ஒரு மாடியில் அமைந்த வீடாகவே இருக்கும்.

தமிழ், முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரை இக்கனவுக்குப் பின்னால் வேறொரு காரணமும் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரம், 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை, 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ் வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டு, பின்னர் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவினால் அந்நடவடிக்கை தடுக்கப்பட்டமை ஆகியவற்றை நாம் இலகுவில் மறந்துவிட முடியாது. இங்கு இருக்க உனக்கு என்ன உரிமை என்று எவரும் கேட்க முடியாத ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கமே, ஆயுட்காலச் சேமிப்பையும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும் மகளின் சீதனத்தையும் ஒரு மாடி வீட்டில் முதலிடச் செய்கின்றது. ஆகவே அந்த முதலீடு எவ்வளவு உறுதியானது என்பதை அறிந்திருப்பது எமது கடமையாகும்.

ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? வீடு பார்க்கச் செல்வோர் தரையோடுகளின் பளபளப்பையும் கடற்காற்றையும் பார்க்கின்றனர். சமையலறையின் அளவை விசாரிக்கின்றனர். கட்டிடத்தின் ஆவணங்களையும் அதனைப் பராமரிக்கும் நிருவாகத்தையும் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. தொடர்மாடியில் வீடு வாங்குபவர் நான்கு சுவர்களுக்கு உரிமையாளராவதோடு, படிக்கட்டு, கூரை, மின்தூக்கி, நீர்த்தாங்கி, கழிவு நீர்க் குழாய் ஆகியவற்றுக்கு ஏனையோருடன் சேர்ந்து பங்காளியாகவும் ஆகின்றார். வாழ்க்கை வசதியாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் இந்தப் பங்காளித்துவத்திலேயே தங்கியுள்ளது.

சட்டம் என்ன கூறுகின்றது?

இலங்கையில் இவ்விடயத்துக்கு அடிப்படையாக இருப்பது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தொடர்மாடி உடைமைச் சட்டமாகும். இது 1982ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் முக்கிய திருத்தங்களுக்கு உள்ளானது. இச்சட்டத்தின்படி கட்டிடத்தின் கூட்டாதன வரைபடம் ஒன்று காணிப் பதிவகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். சட்டத்தரணிகள் ‘கொண்டோமினியம் பிளான்’ என்று குறிப்பிடுவது இதனையே. ஒவ்வொரு வீட்டின் எல்லை, பரப்பளவு, அதற்குரிய பங்கு, எல்லோருக்கும் பொதுவான பகுதிகள் ஆகியன அதில் காட்டப்பட்டிருக்கும்.

இவ்வரைபடம் பதிவு செய்யப்பட்டவுடன், வீட்டு உரிமையாளர்கள் அனைவரையும் அங்கத்தவர்களாகக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகின்றது. பொதுப் பகுதிகளைப் பராமரித்தல், கட்டிடத்தைத் தீ விபத்துக்கு எதிராகக் காப்புறுதி செய்தல், உரிமையாளர்களிடமிருந்து அவரவர் பங்குக்கு ஏற்பக் கட்டணம் அறவிட்டு நிதியம் ஒன்றைப் பேணுதல் ஆகியன அதன் கடமைகளாகும். இவற்றை மேற்பார்வை செய்யும் அரச நிறுவனம் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையாகும்.

வரைபடம் பதிவு செய்யப்படாத கட்டிடத்தில் வீடு வாங்குவோரின் நிலை வேறு. அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் காணியில் பிரிக்கப்படாத ஒரு பங்கு மட்டுமே. எந்த வீடு தனக்குரியது என்பதை அந்த உறுதி தெளிவாகக் கூறாது. வங்கிக் கடன் பெறுவதும் பின்னர் விற்பதும் கடினமாகும். விலை குறைவாக இருக்கின்றதே என்று அவசரப்படுவோர், அக்குறைவுக்கான காரணம் இதுவாக இருக்கலாம் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

கேட்டுப் பெற வேண்டியவை

முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே, விற்பவருடன் தொடர்பில்லாத சட்டத்தரணி ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும். பதிவு செய்யப்பட்ட கூட்டாதன வரைபடம், அனுமதிக்கப்பட்ட கட்டிட வரைபடம், அதன்படியே கட்டிடம் அமைந்துள்ளதாக உறுதிப்படுத்தும் இணக்கச் சான்றிதழ், காணிப் பதிவகத்தின் தோம்புப் பிரதி, மாநகர சபை வரி செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியவற்றை அவர் பரிசீலிக்க வேண்டும். அனுமதி ஆறு மாடிகளுக்கு இருக்க, எட்டு மாடிகள் எழுப்பப்பட்டிருப்பின், அந்த மேலதிக மாடிகளில் வீடு வாங்குவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். 2017ஆம் ஆண்டு மே மாதம் வெள்ளவத்தை சார்ளிமன்ட் வீதியில் பல மாடிக் கட்டிடமொன்று இடிந்து வீழ்ந்து உயிரிழப்பு ஏற்பட்டதையும் பலர் காயமடைந்ததையும் இவ்வேளையில் நினைவிற்கொள்வது தகும்.

வாகனத் தரிப்பிடம் அடுத்த சிக்கலாகும். ‘உங்களுக்கு ஒரு தரிப்பிடம் உண்டு’ என்ற வாய்வார்த்தை போதுமானதன்று. வரைபடத்திலும் உறுதியிலும் அது உங்கள் வீட்டுடன் சேர்ந்த துணைப் பகுதியாகக் காட்டப்பட்டுள்ளதா அல்லது பொதுப் பகுதியா என்பதைப் பார்க்க வேண்டும். மொட்டை மாடியின் உரிமையும் இவ்வாறே கவனிக்கப்பட வேண்டியதாகும். பழைய வீடாயின், விற்பவர் செலுத்தாத பராமரிப்புக் கட்டணம் எதுவும் நிலுவையில் இல்லை என்பதற்கான கடிதத்தை முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடமிருந்து பெற்றுக்கொள்ளல் அவசியம். நீர், மின்சாரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி மானிகள் உள்ளனவா, கட்டிடம் முழுவதற்கும் ஒரே மானியா என்பதும் மாதாந்தச் செலவைத் தீர்மானிக்கும்.

எமது சமூகங்களுக்கே உரிய சில சட்ட நுட்பங்களும் உள்ளன. தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண்ணொருவர் தமது அசையாச் சொத்தை விற்பதாயின், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சொத்து கொழும்பில் இருப்பதனால் இந்த விதி நீங்கிவிடுவதில்லை. திருமண காலத்தில் ஈட்டிய தேடியதேட்டத்தைப் பொறுத்தவரை, கணவனோ மனைவியோ இறந்த பின்னர் அதில் பிள்ளைகளுக்கும் உரித்து ஏற்படலாம். அவ்வாறே மரணசாசனம் எழுதாது காலமான முஸ்லிம் ஒருவரின் வீடு, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இஸ்லாமிய வாரிசுரிமைக்கு அமையவே பங்கிடப்படும். மனைவி, மகன்மார், மகள்மார், உயிருடன் இருக்கும் பெற்றோர் ஆகியோருக்கு அதில் பங்குண்டு. மூத்த மகனின் கையொப்பம் ஒன்றை மட்டும் நம்பி வாங்கியவர் பின்னர் நீதிமன்றப் படிகளில் ஏற நேரிடலாம்.

இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்து கனடாவிலோ இங்கிலாந்திலோ வாழும் உறவினரின் பெயரில் வாங்குவதாயின், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கும் இச்சட்டம், தொடர்மாடி வீடுகளுக்கு நிபந்தனைகளுடன் விதிவிலக்கு அளிக்கின்றது. முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. பின்னர் திருத்தங்களும் செய்யப்பட்டுள்ளமையால், வாங்கும் வேளையில் நடைமுறையிலுள்ள விதியைச் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் வேண்டும். இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றோர் இலங்கைப் பிரஜைகளே என்பதால் அவர்களுக்கு இத்தடை இல்லை.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம்களுக்கு, 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் வழி திறந்தது. 2011ஆம் ஆண்டு அமானா வங்கி வர்த்தக வங்கியாகச் செயற்படத் தொடங்கியது. வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக வீட்டை வாங்கி, வாடிக்கையாளர் வங்கியின் பங்குக்கு வாடகை செலுத்திக்கொண்டே அப்பங்கைப் படிப்படியாக வாங்கிக்கொள்வது இஸ்லாமிய நிதிமுறைகளில் ஒன்றாகும். அக்காலத்தில் பராமரிப்புக் கட்டணமும் காப்புறுதியும் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்வது நன்று. எவ்வழியில் வாங்கினும், மேல் மாகாணத்தில் முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை உண்டு. சட்டத்தரணியின் கட்டணத்தையும் சேர்த்து இதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

பொது நிதியம் என்னும் உயிர்நாடி

குடியேறிய பின்னர் எழும் பிணக்குகளில் பெரும்பாலானவை பராமரிப்புக் கட்டணம் பற்றியவை. ‘நான் கீழ் மாடியில் இருக்கின்றேன், மின்தூக்கிக்கு ஏன் பணம் தர வேண்டும்?’ என்ற கேள்வியைப் பல இடங்களில் கேட்கின்றோம். பொதுச் சொத்தில் அவருக்கும் பங்குண்டு, அதனை விற்கும்போது அதன் பெறுமதியும் அவருக்கே சேர்கின்றது என்பதே அதற்கான பதில்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பன்னிரண்டு வீடுகளைக் கொண்ட கட்டிடமொன்றில் பத்து ஆண்டுகளின் பின் மின்தூக்கியை மாற்ற 60 இலட்சம் ரூபா தேவைப்படுவதாகக் கொள்வோம். பங்குகள் சமமாயின் ஒரு வீட்டுக்கு 5 இலட்சம் ரூபா. இதனை முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வந்தால் மாதம் ஏறத்தாழ 4,200 ரூபாவே ஆகும். சேர்க்காத கட்டிடத்தில் ஒரு நாள் மின்தூக்கி நின்றுவிடும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஆறாம் மாடியில் சிறைப்பட்டவர் போலாவார். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளும் டீசல் தட்டுப்பாடும் மின்பிறப்பாக்கியைப் பேணாத கட்டிடங்களின் நிலையை எமக்குக் காட்டின.

பராமரிப்பைப் பிற்போடுவதன் விளைவு எவ்வளவு கொடிதாக முடியக்கூடும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், சேர்ஃப்சைட் நகரின் கடற்கரைத் தொடர்மாடியொன்று 2021ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி இடிந்து வீழ்ந்ததில் 98 பேர் உயிரிழந்தனர். கட்டிடத்தின் பாரிய பழுதுகள் குறித்துப் பொறியியலாளர் முன்னரே அறிக்கை அளித்திருந்தார். திருத்தச் செலவு பற்றி உரிமையாளர்களிடையே விவாதங்கள் நீண்டுகொண்டிருந்தன. கடற்காற்றின் உப்பு கொங்கிரீட்டினுள் இருக்கும் இரும்பை அரிக்கின்றது என்பது வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் பொருந்தும் உண்மையாகும்.

இங்கே புலம்பெயர்ந்த உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோளை விடுக்க விரும்புகின்றோம். வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்வோர் கட்டணத்தைத் தவறாது செலுத்துவதோடு, பொதுக்கூட்டத்தில் தமக்காகக் கலந்துகொள்ள ஒருவரை எழுத்து மூலம் நியமிக்கவும் வேண்டும். கூட்டத்துக்கு ஆட்கள் வராத கட்டிடத்தில் ஓரிருவரின் விருப்பமே சட்டமாகிவிடும்.

ஒரே கூரையின் கீழ்

ஹெவ்லொக் டவுனின் தொடர்மாடி ஒன்றில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்கின்றனர். நோன்பு மாதத்தில் சஹர் வேளையில் நீர் இறைக்கும் இயந்திரம் இயங்க வேண்டும். தைப்பொங்கலன்று வாசலில் கோலமிடவும் பானை வைக்கவும் இடம் வேண்டும். உழ்ஹிய்யாவைக் கட்டிடத்துக்கு வெளியே உரிய இடத்தில் நிறைவேற்றும் ஒழுங்கு வேண்டும். இவற்றை முன்கூட்டியே பேசி விதிகளில் எழுதிக்கொண்டால் மனக்கசப்பு எழாது. அவ்விதிகள் தமிழிலும் கிடைக்கச் செய்வது வீட்டிலுள்ள முதியோர் அவற்றைத் தாமே வாசித்தறிய உதவும்.

மரணம் நிகழும் வேளையைப் பற்றி வீடு வாங்கும்போது எவரும் எண்ணுவதில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டு ஜாவத்தை மையவாடிக்குக் கொண்டு செல்லவும், இந்துக் குடும்பமொன்று கிரியைகளை முடித்துப் பூதவுடலைக் கனத்தை மயானத்துக்கு எடுத்துச் செல்லவும் தொடர்மாடியில் இடம் எங்கே? மின்தூக்கியில் நோயாளியின் படுக்கையோ பேழையோ செல்லுமா? இல்லையெனில் படிக்கட்டு போதிய அகலமானதா? கீழ்த்தளத்தில் பொது மண்டபம் உண்டா? வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய இக்கேள்விகளை எவரும் அபசகுனமாகக் கருதத் தேவையில்லை.

உறுதி சரியாக இருப்பின் வீடு எம்மைவிட்டுப் போகாது. நிதியம் சரியாக இருப்பின் கட்டிடம் நிலைக்கும். அயலவருடனான உறவு சரியாக இருப்பின் அங்கு வாழ மனம் வரும். முதலாவதைச் சட்டத்தரணி பார்த்துத் தருவார். மற்றைய இரண்டையும் அங்கு குடியிருப்போரே உருவாக்க வேண்டும். தொடர்மாடியில் வாழும் எமது வாசகர்கள் தமது கட்டிடத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் தவறாது சென்று, கணக்கறிக்கையைக் கேட்டு வாசிப்பதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.